நட்சத்திரங்கள் பாத்திரம் தேய்த்த சமையலறை

காண்டீன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஈரம் காயாத மேஜை, ஆறிப்போன வடை, "ஸார், சில்லறையாய்க் கொடுங்கள்" என்ற அலுத்துப்போன குரல் - இவைதானே? ஆனால் அமெரிக்காவின் ஹாலிவுட் நகரத்தில் மூன்று வருஷ காலம் ஒரு காண்டீன் நடந்தது. அங்கே சமையலறைத் தொட்டியில் கை வைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் மார்லீன் டீட்ரிச். பக்கத்தில் நின்று தட்டு துடைத்தவர், உலகத்திலேயே அழகி என்று படக் கம்பெனி விளம்பரம் செய்த ஹெடி லமார். காப்பியையும் ஸாண்ட்விச்சையும் வாங்கிக்கொண்டவர்கள் யார்? இரண்டு நாளில் கப்பலேறிப் பசிபிக் யுத்த முனைக்குப் போகவேண்டிய இருபது வயதுப் பட்டாளத்துப் பையன்கள். ஒரு காசு கூட அவர்களிடம் வாங்கவில்லை. மேலே போட்டிருந்த யூனிபாரந்தான் டிக்கெட்!

அதன் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சிரிப்பும் வேடிக்கையுமாக ஆரம்பித்தாலும், நடுவே மனத்தைப் பிசைகிற சங்கதி ஒன்றும் வரும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

1941 டிசம்பர் 7-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தில் குண்டு போட்டன. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ரயில் ரயிலாகப் பையன்கள் கலிபோர்னியாக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சோளக்கொல்லையை விட்டு அதுவரை வெளியே வராதவர்களும் அதில் உண்டு. கப்பலேறுவதற்கு முன்னால் ஒரு நாள், இரண்டு நாள் லீவு கிடைக்கும். "ஹாலிவுட்டில் நட்சத்திரங்களைப் பார்க்கலாம்" என்ற ஆசையோடு பஸ் ஏறி வருவார்கள். வந்து பார்த்தால் ஸ்டூடியோ வாசலில் மதில் சுவரும் காவற்காரனுந்தான்! பையில் பணமில்லை, தெரிந்த முகமும் இல்லை. தெருத் தெருவாய் அலைந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

இதைக் கண்டு மனம் கேளாதவர் ஜான் கார்பீல்டு என்ற நடிகர். நியூயார்க்கில் யூதர்கள் வாழ்ந்த ஏழைப் பேட்டையில் பிறந்து, முரட்டு இளைஞன் வேஷத்தில் பெயர் எடுத்தவர். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டார். இருதயம் பழுது என்று டாக்டர்கள் தள்ளிவிட்டார்கள். திரையில் பத்துப் பேரை அடித்து வீழ்த்துகிறவருக்கு நிஜத்தில் துப்பாக்கி தூக்கத் தகுதியில்லை என்றால் அந்த வேதனை எப்படி இருக்கும்! 1942 மார்ச்சில் நியூயார்க் நாடகக்காரர்கள் ஒரு தியேட்டரின் அடித்தளத்தில் சிப்பாய்களுக்காக 'ஸ்டேஜ் டோர் காண்டீன்' என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட கார்பீல்டு, ஒரு நாள் வார்னர் சகோதரர்கள் ஸ்டூடியோவின் சாப்பாட்டுக் கூடத்தில் பெட்டி டேவிஸின் மேஜைக்குப் போய், "நாம் ஏன் ஒன்று நடத்தக் கூடாது?" என்று கேட்டார்.

சரியான ஆளிடந்தான் கேட்டார். பெட்டி டேவிஸ் அப்போதே இரண்டு ஆஸ்கார் பரிசு வாங்கியவர். பெரிய விழிகள், அதைவிடப் பெரிய பிடிவாதம். முதலாளி வார்னருடன் கோர்ட்டு வரைக்கும் போய் மல்லுக்கு நின்றவர். 1941-ல் ஆஸ்கார் பரிசளிக்கும் சங்கத்துக்கு முதல் பெண் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, "என் யோசனைகளைக் கேட்கமாட்டீர்கள் என்றால் எனக்கு இந்த நாற்காலி எதற்கு?" என்கிற தினுசில் கொஞ்ச நாளிலேயே ராஜினாமாவும் செய்தவர். அந்த அம்மாள் ஒரு காரியத்தில் இறங்கினால் நடக்காமல் போகுமா?

டேவிஸ் தலைவி, கார்பீல்டு உபதலைவர். பண விவகாரத்துக்கு ஜூல்ஸ் ஸ்டைன் என்பவரைப் பிடித்தார்கள். இவர் முதலில் கண் டாக்டர். பிறகு நடிகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஒப்பந்தம் பேசிக் கொடுக்கும் பெரிய கம்பெனியின் முதலாளி. கண்ணைக் கவனித்தவர் கணக்கைக் கவனித்தார். கடைசி வரையில் காண்டீனுக்குப் பண முடை வரவில்லை என்றால் அதற்கு இவர்தான் காரணம்.

இடம்? கஹுவெங்கா ரோட்டில் 1451-ம் எண்ணில் ஒரு பழைய கட்டடம். ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்து, பின்னால் இரவு விடுதியாக மாறி, கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஸ்டூடியோத் தச்சர்கள், பெயிண்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள் எல்லாரும் தங்கள் சங்கங்களின் மூலம் வந்து கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். கார்ட்டூன் படக்காரர்கள் சுவரெல்லாம் சித்திரம் தீட்டினார்கள். பொய்க் கோட்டையும் பொய் அரண்மனையும் கட்டிப் பழகிய கைகளுக்கு நிஜக் கட்டடத்தைப் பழுது பார்ப்பது பெரிய காரியமா, என்ன?

1942 அக்டோபர் 3-ந் தேதி திறப்பு விழா. அன்று எல்லாம் தலைகீழ்! வழக்கமாக ஜனங்கள் வெளியில் நின்று நட்சத்திரங்கள் உள்ளே போவதைப் பார்ப்பார்களல்லவா? அன்று சீமான்களும் நட்சத்திரங்களும் காசு கொடுத்து வெளியே போட்டிருந்த பலகைப் படிகளில் உட்கார்ந்து, சாதாரணச் சிப்பாய்கள் உள்ளே போவதைப் பார்த்தார்கள். ஆபட் - காஸ்டெல்லோ ஹாஸ்ய ஜோடி வந்து சிரிக்க வைத்தது. வாசலில் அவ்வளவு நெரிசல். தலைவியம்மாளுக்கே வழி கிடைக்கவில்லை. ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத்தான் பெட்டி டேவிஸ் தம் சொந்தக் காண்டீனுக்குள் போக வேண்டியிருந்ததாம்!

* * *

நடிகர், நடிகைகள், டைரக்டர்கள், பாட்டுக்காரர்கள், தலை வாரிவிடுகிறவர்கள், உடுப்பு தைக்கிறவர்கள், டைப்பிஸ்டுகள் என்று மூவாயிரம் பேருக்கு மேல் தொண்டர்களாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் படப்பிடிப்பு, மாலையில் காண்டீன், நடுநிசிக்குக் கதவு சாத்துவார்கள். நட்சத்திரங்கள் வராத ராத்திரிகளில் டேவிஸ் தாமே டெலிபோனை எடுத்துச் சுற்றுவார். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் குறைந்தால் வீட்டுக்காரி ஓடுவாளே, அந்த மாதிரி.

மார்லீன் டீட்ரிச் பிறந்தது பெர்லினில். ஹிட்லரின் ஆட்கள் ஆசை காட்டி அழைத்தும் திரும்பிப் போகாமல் 1939-ல் அமெரிக்கப் பிரஜையானவர். சமையலறை வேலை அவருக்கு விளையாட்டல்ல. மெய்யாகவே பாத்திரம் தேய்த்தார். ஒரு நாள் 'கிஸ்மத்' படப்பிடிப்பிலிருந்து நேரே வந்துவிட்டார். அந்தப் படத்தில் ஒரு நாட்டியத்துக்காகக் காலில் தங்க வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். வர்ணத்தைக் கழுவக்கூட நேரமில்லாமல் அவர் உள்ளே நுழைந்ததும் பையன்கள் போட்ட கூச்சலை டேவிஸ் வெகு காலம் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஹெடி லமாரின் சங்கதி இன்னும் விசித்திரம். தட்டு துடைத்த இந்த ஆஸ்திரிய அழகி, காண்டீன் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், 1942 ஆகஸ்டில், ஒரு சங்கீதக்காரருடன் சேர்ந்து ஒரு பேடண்ட் வாங்கியிருந்தார். ரேடியோ மூலம் செலுத்தும் டார்ப்பிடோவை எதிரி குழப்ப முடியாதபடி அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும் யுக்தி அது. அந்த யுத்தத்தில் அதை யாரும் உபயோகிக்கவில்லை. முக அழகைக் கண்டவர்கள் மூளையைக் காணவில்லை! அலைவரிசையைத் தாவ விடும் அந்த முறை பிற்காலத்துக் கம்பியில்லாச் சாதனங்களில் எவ்வளவோ பயன்பட்டது. அது போகட்டும், ஜான் லோடர் என்ற நடிகரும் அவரும் நெருங்கிப் பழகியது இந்தக் காண்டீனில்தான். 1943 மே மாதம் கல்யாணமும் நடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஓர் இரவு. வீட்டு நினைவில் பையன்களின் முகம் வாடியிருந்த நேரம். சமையலறைக் கதவு வழியாக பிங் கிராஸ்பி வந்து நின்றார், நாலு சின்னப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. "ஏதாவது உதவியாய் இருக்குமா என்று வந்தோம்" என்றாராம். அப்பாவும் பிள்ளைகளுமாகக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கண் கலங்காதவர் இல்லை.

சரி, இளம் பெண்களும் சிப்பாய்களும் கூடுகிற இடம். கட்டுத் திட்டம் இருந்ததா? பலமாகவே இருந்தது. சொட்டு மதுபானம் கிடையாது. ஆடுவதற்கும் பேசுவதற்கும் வந்த பெண்களுக்கு அடையாளச் சீட்டு உண்டு. சிப்பாயோடு எத்தனை பாட்டுக்கு வேண்டுமானாலும் ஆடலாம்; ஆனால் அவனோடு சேர்ந்து வாசற்படி தாண்டக் கூடாது. பட்டாளத்துப் பூட்ஸ் காலை மிதித்தாலும் முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது என்பது எழுதாத சட்டம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நட்சத்திரங்கள் அல்ல. பகலில் ஸ்டூடியோ ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, மாலையில் ஒரு வாய் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடிவந்தவர்கள். அவர்கள் படம் பத்திரிகைகளில் வரவில்லை. என்னைக் கேட்டால் காண்டீனைத் தாங்கிய தூண்கள் அவர்கள்தாம்.

1943 செப்டம்பர் 15-ந் தேதி பத்து லட்சமாவது விருந்தாளி உள்ளே வந்தார். டெக்ஸஸைச் சேர்ந்த ஒரு சார்ஜண்ட். அவருக்குக் கிடைத்த பரிசு, பெட்டி கிரேபிளின் முத்தம்! அடுத்த வருஷம் வார்னர் கம்பெனியார் காண்டீன் பெயரிலேயே ஒரு படம் எடுத்து, பத்து லட்சமாவது சிப்பாயைக் கதாநாயகனாக்கினார்கள். டேவிஸும் கார்பீல்டும் தாங்களாகவே வந்து போகிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வசூலில் ஒரு பங்கு காண்டீனுக்கு வந்ததால் குறை சொல்ல வாய் வரவில்லை.

* * *

இனி, அந்தப் படத்தில் அவ்வளவாகக் காட்டாத விஷயம்.

அந்நாளில் அமெரிக்க ராணுவத்தில் வெள்ளைக்காரர் பட்டாளம் வேறு, கறுப்பர் பட்டாளம் வேறு. சாப்பிடும் இடம் வேறு, தூங்கும் இடம் வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் வாத்தியக்காரர்களுக்குக்கூட நிறத்துக்கு ஒன்றாக இரண்டு சங்கங்கள்! 1953-ல்தான் அவை ஒன்றாயின. இந்த நிலையில், காண்டீன் கதவு எல்லாச் சிப்பாய்களுக்கும் திறந்திருக்கும் என்று டேவிஸும் கார்பீல்டும் தீர்மானித்தார்கள். ஒரே மேஜை, ஒரே காப்பி, ஒரே நடனக் கூடம். தொண்டர்களிலும் இரு நிறத்தாரும் இருந்தார்கள். பாடகி லீனா ஹார்ன் வந்து உபசரித்தார்.

சாப்பாட்டுக்கு ஆட்சேபணை சொல்லாதவர்கள் நடனத்துக்குச் சொன்னார்கள். கறுப்புச் சிப்பாய் வெள்ளைப் பெண்ணோடு ஆடுவதா? நிர்வாகக் கமிட்டியிலேயே புயல் கிளம்பியது. தடை விதித்தால் நாங்கள் விலகிக்கொள்வோம், எங்களோடு நட்சத்திரங்களும் விலகிக்கொள்வார்கள் என்று இருவரும் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்கள். தடை வரவில்லை. கூடத்தில் கைகலப்பு மூளும்போல் இருந்தால் வாத்தியக்காரர்கள் உடனே தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்கிவிடுவார்களாம். யூனிபாரம் போட்டவன் தேசிய கீதம் கேட்டால் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டுமே! பாட்டு முடிவதற்குள் கோபம் பாதி இறங்கியிருக்கும். நல்ல தந்திரந்தான்.

ஆனால் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஷெரி டக்கர் என்ற ஆராய்ச்சிக்காரர், அங்கே ஆடியவர்களையும் உபசரித்தவர்களையும் முதிய வயதில் தேடிப் போய்ப் பேசி, 2014-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒருவர் "அங்கே எல்லாரும் சமம்" என்று நினைவுகூர்கிறார். இன்னொருவருக்கு நினைவிருப்பது, கறுப்புச் சிப்பாய்கள் ஓரமாய் நின்றதும், அவர்களோடு ஆடக் கறுப்புப் பெண்களையே தேடி அழைத்ததும். ஒரே கூடம், ஒரே ராத்திரி; நினைவு மட்டும் வேறு வேறு. ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் உத்தரவு 1948-ல்தான் வந்தது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் கழித்து!

* * *

ஆரம்பத்தில் எச்சரித்தேனே, அந்தச் சங்கதிக்கு வந்துவிட்டோம்.

ஜீன் டியர்னி. பச்சை விழிகளும் கன்னத்தெலும்புகளும் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும் பேரழகி. கணவர் ஓலெக் கஸீனி உடை அலங்கார நிபுணர். அப்போது கான்ஸாஸில் பட்டாளத்தில் இருந்தார். 1943-ன் ஆரம்பத்தில் டியர்னி கருவுற்றிருந்தார். கணவரிடம் புறப்பட்டுப் போகுமுன் கடைசியாக ஒரு மாலை காண்டீனுக்குப் போய்ச் சிப்பாய்களோடு கை குலுக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். சில நாளில் உடம்பெல்லாம் செம்புள்ளிகள். ரூபெல்லா, அதாவது ஜெர்மன் அம்மை. இரண்டொரு நாளில் இறங்கிவிட்டது. சாதாரண ஜுரம் மாதிரிதான். யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அக்டோபர் 15-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது, குறைமாசத்தில். டாரியா என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்குக் காது கேட்கவில்லை, கண் பார்வை முழுதாக இல்லை, மூளை வளரவில்லை.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ஜெர்மன் அம்மை வந்தால் குழந்தையின் கண் கெடுகிறது என்று ஆஸ்திரேலியக் கண் டாக்டர் நார்மன் கிரெக் என்பவர் 1941-லேயே கண்டு எழுதியிருந்தார். அவரிடம் கண் புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கித்தான் அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். ஆனால் அந்தக் கட்டுரை அதற்குள் எத்தனை ஊர் டாக்டர்களுக்கு எட்டியிருக்கும்? டியர்னிக்கு யாரும் சொல்லவில்லை.

வருஷங்கள் சென்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் விருந்து ஒன்றில் முன்பின் அறியாத ஒரு பெண் டியர்னியிடம் வந்தாள். யுத்த காலத்தில் கடற்படை வீரர்களின் மகளிர் பிரிவில் இருந்தவளாம். நாம் காண்டீனில் சந்தித்தோமே, நினைவிருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, அன்றைக்கு அப்புறம் உங்களுக்கு ஜெர்மன் அம்மை வந்ததா என்று விசாரித்தாள். தன் முகாம் முழுதும் அம்மை பரவி, வெளியே போகக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்களாம். தனக்கும் கண்டிருந்ததாம். ஆனாலும் தனக்கு மிகவும் பிடித்த நடிகையைப் பார்க்காமல் இருக்க முடியாமல், தடையை மீறி ஓடி வந்தாளாம். ஒளிவு மறைவில்லாமல், ஏதோ பெருமையான சாகசம் போலச் சொன்னாள்.

டியர்னி ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்; பிறகு திரும்பி நடந்துவிட்டார். அதற்கப்புறம் யாருக்கும் பிடித்த நடிகையாக இருக்க வேண்டும் என்ற ஆசையே தமக்கு விட்டுப்போய்விட்டது என்று 1979-ல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதினார்.

அந்தப் பெண்ணைத் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? அன்பு மிகுதியால் வந்தவள்தானே! நினைக்க நினைக்க விடை கிடைக்காத கேள்வி இது. டியர்னிக்குப் புகழ் குறையவில்லை. 1944-ல் 'லாரா', பிறகு ஆஸ்கார் சிபாரிசு. ஆனால் உள்ளே ஏதோ முறிந்துவிட்டது. 1950-களில் மனநோய் ஆஸ்பத்திரிகளில் மின்சார அதிர்ச்சி வைத்தியம் வரைக்கும் போனார். டாரியா வாழ்நாள் முழுதும் காப்பகத்திலேயே இருந்து, தாய் மறைந்து பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு 2010-ல் காலமானார்.

1962-ல் அகதா கிறிஸ்டி எழுதிய ஒரு துப்பறியும் நாவலில் இதே மாதிரி ஒரு சம்பவந்தான் மர்மத்துக்குச் சாவி. எந்த நாவல் என்று சொல்லமாட்டேன். படிக்காதவர்களுக்குச் சுவை கெட்டுவிடும். ஜெர்மன் அம்மைக்குத் தடுப்பூசி 1969-ல்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் குழந்தைகளுக்குத் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? சாதாரண அம்மைக்கு இத்தனை அமர்க்களமா என்று அப்போது பல வீடுகளில் கேட்டார்கள். டாரியாவின் கதை தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள்.

* * *

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. நவம்பர் 22-ந் தேதி, அமெரிக்கர்கள் நன்றித் திருநாள் கொண்டாடும் தினத்தன்று, காண்டீன் கடைசி முறையாக விளக்கேற்றி மூடியது. மூன்று வருஷத்தில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் வந்து போயிருந்தார்கள். சராசரி போட்டுப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு இரண்டாயிரத்தைந்நூறு பேருக்கு மேல்! அப்படியும் ஸ்டைனின் கணக்குப் புத்தகத்தில் சுமார் 5 லட்சம் டாலர் மிச்சம். அது யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் சகாய நிதியாயிற்று.

ஜான் கார்பீல்டுக்குக் காலம் நல்லதாக இல்லை. யுத்தம் முடிந்ததும் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டு வேட்டை தொடங்கியது. 1951-ல் அவரைப் பார்லிமெண்ட் கமிட்டி முன் நிறுத்தி, நண்பர்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொல்ல மறுத்தார். படவாய்ப்பு நின்றது. சிப்பாய்களுக்காக அத்தனை இரவுகள் கண் விழித்தவரைத் தேசத் துரோகியோ என்று சந்தேகித்தார்கள். 1952 மே மாதம் அந்தப் பழுதுபட்ட இருதயம் நின்றுவிட்டது. வயது 39. நியூயார்க்கில் சவ அடக்கத்தன்று தெருவில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடியிருந்தார்கள்.

பெட்டி டேவிஸ் எண்பத்தொரு வயது வரை இருந்து 1989-ல் காலமானார். வாழ்க்கையில் மனசாரப் பெருமைப்படக்கூடிய காரியங்கள் சிலவே என்றும், அவற்றில் காண்டீன் ஒன்று என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ராணுவ இலாகாவினர், சிவில் மக்களுக்கு அளிக்கும் உயர்ந்த பதக்கத்தை இதற்காகவே அவருக்குக் கொடுத்தார்கள். அலமாரியில் இரண்டு ஆஸ்கார் பொம்மைகள் இருந்தவருக்கு, பாத்திரம் தேய்க்க வைத்ததற்காக ஒரு பதக்கம்!

கஹுவெங்கா ரோட்டுக் கட்டடத்தைப் பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள். குதிரை லாயமாக ஆரம்பித்த அந்த மனையில், மோட்டார் கார்களை நிறுத்தி வைக்கும் மாடிக் கட்டடம் எழும்பியது.